சிவகாசிக்கு வந்து சேர்ந்த முன்னாள் கேடிகள்

மதுரையிலிருந்து விருதுநகர் தாண்டிப் போனால் சிவகாசி, 70 கிலோமீட்டர் சொச்சம். பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும் அனுப்பிக்கொண்டிருந்த அந்த ஊரிலிருந்து 1972இல் புதுச் சரக்கு ஒன்றும் கிளம்பியது. எம். சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ்.

முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவி. 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்த லூயிஸ் கிராண்டேல்தான் இவர். ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். விபத்தில் வலக்கை போய், அதற்குப் பதில் இரும்புக் கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். நல்லவருக்கெல்லாம் நல்லவர் என்றுதான் பலருக்கு ஞாபகம். ஆனால் ஆரம்பத்தில் அவர் வில்லன்! பிறகுதான் திருந்தி, நிழல் படை என்ற ரகசிய அமைப்பில் சேர்கிறார்.

அடுத்து வந்தவர்களும் இதே ரகம்தான். சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கியபோது முதலில் வந்தவர் மாடஸ்டி பிளைசி. ஒரு காலத்தில் சர்வதேசக் குற்றக் கும்பலுக்கே தலைவி. பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு உதவுவதெல்லாம் அதற்கப்புறம். லயனின் இன்னொரு நாயகன் ஸ்பைடரோ குற்றச் சக்கரவர்த்தி ஆவதற்கென்றே கிளம்பியவர். பூட்டுடைப்பதில் மன்னனான ஆர்டினியும் விஞ்ஞானி பெல்ஹாமும் அவருக்குக் கையாட்கள். பின்னாளில் மற்ற கேடிகளையே வேட்டையாடத் தொடங்கினார். இந்த அடாவடிக்காரருக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர் ஜெர்ரி சீகல். ஆமாம், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரேதான்.

மாசு மருவற்ற வீரர்களைவிட, பழைய கணக்கு பாக்கியுள்ள இந்த ஆட்கள்தான் சுவாரசியம். இவர்களுக்குப் பகையாளி எந்தப் பக்கத்திலிருந்தும் வருவான்: போலீஸிலிருந்தும் வரலாம், பழைய கூட்டாளியாகவும் இருக்கலாம்.

காதல்தான் கொஞ்சம் பஞ்சம். மாடஸ்டியும் அவளது கூட்டாளி வில்லி கார்வினும் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பார்கள். அவளை அவர் 'இளவரசி' என்றே அழைப்பார். ஆனாலும் அது கடைசிவரை நட்புதான். காமிக்ஸ் முகமூடி வீரர் வேதாளரின் கதை இன்னும் பாவம். 1936இல் தொடங்கிய தொடரில் அவருக்கும் காதலி டயானாவுக்கும் கல்யாணம் நடந்தது 1977இல்! காதலர்களின் பொறுமையா, வாசகர்களின் பொறுமையா, எது பெரிது என்று சொல்வது கஷ்டம்.

இன்று லயன் வாசகர்களின் செல்லப்பிள்ளை, இத்தாலியில் 1948இல் உருவான டெக்ஸ் வில்லர். மஞ்சள் சட்டை ரேஞ்சர். அவரும் தலைக்கு விலை வைக்கப்பட்ட ஆளாகத்தான் அறிமுகமானார். நவஹோ தலைவரின் மகள் லிலித்தை மணந்தார். வியாபாரிகள் விற்ற போர்வைகள் வழியே பரவிய அம்மை அவளைக் கொண்டுபோனது. அந்த வியாபாரிகளைத் தேடிப் பழிவாங்கும் கதை, தொடரின் உருக்கமான பகுதிகளில் ஒன்று. மறுமணம் என்ற பேச்சே இல்லை. கூட இருப்பது மகன் கிட்டும், வாய் ஓயாமல் புலம்பும் கிட் கார்சனும், டைகர் ஜாக்கும். எதிரிக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. மேடை வித்தைக்காரனாக வந்து மந்திரவாதியான மெபிஸ்டோ ஓய்ந்தால், அவன் மகன் யாமா கிளம்பிவிடுகிறான்.