பள்ளத்தில் ஓடும் மை

கண்டாம் என்ற கற்பனை ரோபோவின் முதல் பிளாஸ்டிக் மாடலை ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1980 ஜூலையில் 300 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. கதையில் 18 மீட்டர் உயரமுள்ள ரோபோ, 1/144 அளவில் பன்னிரண்டரை சென்டிமீட்டர். இன்று வரும் கண்டாம் மாடல்களில் கவசத் தகடுகள் சேரும் இடமெல்லாம் மயிரிழைப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் கருமை இறங்கிவிட்டால், வழவழப்பான பொம்மை பல பாகங்களைக் கோத்த இயந்திரமாகத் தெரியத் தொடங்கும்.

இந்த வேலைக்கென்றே ஜிஎஸ்ஐ கிரியோஸ் நிறுவனத்தின் கண்டாம் மார்க்கர்களில் நீர்த்த மை கொண்ட ஒரு வகை உண்டு. அதை வைத்துக் கோடு இழுக்க வேண்டியதில்லை. பள்ளத்தில் ஓர் இடத்தில் முனையைத் தொட்டு எடுத்தால் மை தானாகவே இருபுறமும் ஓடும். விளக்குத் திரியில் எண்ணெயை ஏற்றும் அதே நுண்புழை விசைதான் இங்கும் வேலை செய்கிறது. பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சி அது. வெளியே வழிந்ததைக் காய்ந்தபின் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடலாம்.

ஆனால் இந்த மையில் சேர்ந்திருக்கும் கரைப்பான் விஷயத்தில் கவனம் வேண்டும். இறுக்கமாகப் பொருத்திய மூட்டுகளில் பிளாஸ்டிக் ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும். அங்கே மை தேங்கினால் விரிசல் விட்டு உடையக்கூடும். கையையும் காலையும் கழற்றி வைத்துக்கொண்டு மை விடுவதே பாதுகாப்பு.

நிறம் பூசும் பெயிண்ட் மார்க்கர் வேறு ஜாதி. உள்ளே இருப்பது சாயமல்ல, நிறமித் துகள்கள் மிதக்கும் பெயிண்ட். சும்மா வைத்தால் துகள்கள் அடியில் படிந்துவிடும். குலுக்கும்போது கடகடவெனச் சத்தமிடும் சிறு குண்டுதான் அவற்றைக் கலக்கிவிடுகிறது. முனையை அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங் வால்வு திறந்து பெயிண்ட் இறங்கும், விட்டால் மூடிக்கொள்ளும். இதனால் மாடலின்மேல் வைத்து முனையை அழுத்தவே கூடாது. ஓர் அட்டையில் அழுத்தி, முனை நனைந்தபின் மாடலுக்கு வர வேண்டும்.

மிக நுண்ணிய வேலைக்கு முனையே பெரிது. மனிதக் கண்விழியின் விட்டம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். 1/35 அளவுள்ள போர்வீரனின் முகத்தில் அது 0.7 மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் முனை அங்கே கண்ணோடு கன்னத்தையும் சேர்த்து மூடிவிடும். மார்க்கரை ஒரு தட்டில் அழுத்தி ஒரு சொட்டு இறக்கி, பல்குத்தியின் கூர்முனையால் தொட்டு வைப்பதே வழி. மூடி திறந்து, தின்னர் கலந்து, பிரஷ் கழுவும் வேலை மிச்சம். மார்க்கரின் பெரிய வசதியாக நான் நினைப்பது இதைத்தான்.

அகலமான பரப்புக்கு மார்க்கரை நம்ப வேண்டாம். பாதி காய்ந்த முதல் பூச்சை இரண்டாவது இழுப்பு கரைத்துக் கிளறிவிடும். வரி வரியாகத் தெரியும். அடுக்குகளுக்கும் இதே விதி. ஆல்கஹால் கலந்த மையின் மேல் ஆல்கஹால் மார்க்கர் பட்டால் அடியில் இருப்பது கலங்கும். நன்றாகக் காய்ந்த லாக்கர் பூச்சின் மேல் வைத்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை.

விமான மாடல் செய்பவர்கள் கொண்டாடும் ஒன்று, மொலோடோவ் நிறுவனத்தின் லிக்விட் குரோம். அசல் விமானத்தில் இறங்கு சக்கரத்தின் தண்டில் அதிர்ச்சி தாங்கும் பகுதி, உருக்கின்மேல் முலாம் பூசிப் பளபளக்கும். சாதாரண வெள்ளி பெயிண்ட் அங்கே சாம்பல் நிறமாகவே நின்றுவிடும். குரோம் மார்க்கரோ ஒரே இழுப்பில் கண்ணாடிபோல் மின்னும். காய நாள்கணக்கில் ஆகும், அதற்குள் விரல் பட்டால் மங்கிவிடும். மேலே வார்னிஷ் அடித்தாலும் மினுக்கம் போகும். ஆகவே மாடலுக்கு வார்னிஷ் அடிப்பதெல்லாம் முடிந்தபின் கடைசியில் குரோம் வைப்பது நல்லது. எந்த மார்க்கரானாலும், பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் முதலில் பூசிப் பாருங்கள். அதே பிளாஸ்டிக், அதே நிறம்.