உடன்படிக்கை என்னும் சொல்

வேதாகமத்தின் இரு பெரும் பகுதிகளையும் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என வழங்குகின்றோம். நாடோறும் நாவில் வரும் இப் பெயர்களில் ‘ஏற்பாடு’ என்பதன் பொருள் யாது என ஒருவர் வினவின், நம்மில் பலர் விடை கூறத் தயங்குவோம். திருமணத்திற்கு ஏற்பாடு, விழாவிற்கு ஏற்பாடு என்று உலக வழக்கில் பயிலும் சொல்லன்றோ அது? நூலினுள்ளே புகுந்தால், நோவாவிடத்தும் ஆபிரகாமிடத்தும் சீனாய் மலையடியிலும் ‘உடன்படிக்கை’ என்னும் சொல் எதிர்ப்படுகின்றது. எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை அடைந்தாலோ ‘மரணசாசனம்’ என்னும் வேறொரு சொல்லைக் காண்கின்றோம். புதிய ஏற்பாட்டின் மூலமாகிய கிரேக்கத்தில் இம் மூன்றிற்கும் நிற்பது ஒரே சொல் என்று அறியும்போது நமக்கு வியப்பு உண்டாகின்றது. ஒரு சொல்லைப் பெயர்க்க மூன்று சொற்கள் வேண்டியிருந்தது எதனால்? அதனை ஆராயின் வேதாகமத்தின் நடுநாடி நமது கைக்கு அகப்படும்.

தமிழில் வேதத்தைப் பெயர்க்கும் பணி நெடியது. சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-ஆம் ஆண்டில் அச்சேறி முடிந்தது. அவருக்குப் பின் பப்ரீசியசு முதலியோர் உழைத்தனர். பவர் ஐயரைத் தலைவராகக் கொண்ட குழுவினர் 1871-ஆம் ஆண்டில் முழு வேதாகமத்தையும் வெளியிட்டனர். நம் ஆலயங்களில் இன்றும் பெரிதும் ஓதப்படும் நடை அவ்வழி வந்ததேயாம். மேற்கூறிய மூன்று சொற்களும் அந்நூலில் வருவன. அவற்றைப் பிழையென்று தள்ளுதல் நம் கருத்தன்று. மூலச்சொல்லின் ஒரு கூறினை ஒவ்வொன்றும் ஏந்தி நிற்கின்றது என்பதே நாம் காட்டப் புகுவது.

எபிரெய மொழியில் இதற்குரிய சொல் ‘பெரீத்’ என்பது. அதன் வேர் யாது என்பதில் அறிஞர் ஒருப்பட்டிலர். ‘தளை’ என்பர் சிலர். ‘இடையே’ என்பர் சிலர். ஆயினும் அச்சொல்லோடு சேர்ந்து வரும் வினை நம் கவனத்திற்குரியது. எபிரெயர் உடன்படிக்கையைச் ‘செய்தார்’ என்று சொல்லவில்லை. ‘வெட்டினார்’ என்றே சொன்னார்கள். அதன் காரணத்தை ஆதியாகமம் பதினைந்தாம் அதிகாரத்தில் காணலாம். ஆபிரகாம் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா ஆகியவற்றை இரு துண்டாகப் பிளந்து எதிரெதிரே வைத்தான். வாக்குக் கொடுப்போர் அத் துண்டுகளின் நடுவே நடந்து செல்லுதல் அக்கால வழக்கம். ‘நான் சொல் தவறினால் இவ் விலங்கிற்கு நேர்ந்தது எனக்கும் நேர்வதாக’ என்பது அந் நடையின் பொருள். எரேமியா தீர்க்கதரிசியின் நூல் முப்பத்துநான்காம் அதிகாரமும் இவ் வழக்கத்தைக் குறிக்கின்றது. ஆனால் அவ்விரவில் நடந்தது யாது? ஆபிரகாம் அயர்ந்து உறங்கினான். புகைகின்ற சூளையும் அக்கினிச் சுவாலையுமே துண்டுகளின் நடுவே கடந்து சென்றன. கடவுளே நடந்தார், மனிதன் நடந்திலன். ஆணையின் சுமை முழுவதையும் ஒரு பக்கத்தாரே தம்மேல் ஏற்றுக்கொண்டார்.

இனி, அக்கால அரசியல் உடன்படிக்கைகள் சிலவற்றை நோக்குவோம். எகிப்து வேந்தன் இரண்டாம் இராமசேசும் இத்தீத்து வேந்தன் மூன்றாம் அத்துசீலியும் கி. மு. 1259-ஆம் ஆண்டளவில் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கை இரு நாட்டுப் படிகளிலும் கிடைத்துள்ளது. எகிப்தியப் படி கார்னாக் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டது. இத்தீத்தியப் படி களிமண் பலகைகளில் எழுதப்பட்டது. அது சமமான இருவர் செய்தது. பேரரசன் சிற்றரசனோடு செய்த உடன்படிக்கைகளோ வேறு அமைப்பின. முதலில் பேரரசனின் பெயர் வரும்; அடுத்து, அவன் சிற்றரசனுக்கு முன்பு செய்த நன்மைகளின் வரலாறு; அதன்பின் கட்டளைகள்; பின்னர், படியைக் கோயிலில் வைத்து அவ்வப்போது படிக்க வேண்டும் என்னும் விதி; சாட்சிகள்; இறுதியில் ஆசியும் சாபமும். இவ்வமைப்பினைச் சீனாய் மலை நிகழ்ச்சியோடும் உபாகமத்தோடும் ஒப்பிட்டு, மெண்டன்கால் என்னும் அறிஞர் 1954-இல் எழுதிய கட்டுரைகள் பெரும் ஆராய்ச்சியைத் தூண்டின. பத்துக் கட்டளைகளின் தொடக்கத்தைப் பாருங்கள். முதலில் வருவது கட்டளையன்று. எகிப்தின் அடிமைத்தனத்தினின்று மீட்ட செய்தியே முதலில் வருகின்றது. விடுதலை முன்னது, விதி பின்னது. கட்டளையைக் கைக்கொண்டதனால் மீட்கப்பட்டவர் அல்லர். மீட்கப்பட்டமையால் கட்டளையைக் கைக்கொள்ள அழைக்கப்பட்டவர். இவ்வரிசை மாறின் வேதத்தின் பொருளே மாறிவிடும்.

கி. மு. மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் இந்நுட்பத்தை நன்கு உணர்ந்திருந்தனர் போலும். இருவர் சமமாகப் பேசி முடிக்கும் ஒப்பந்தத்திற்குக் கிரேக்கத்தில் ‘சுந்தேக்கே’ என்னும் சொல் இருந்தது. அதனை விடுத்து ‘தியாத்தேக்கே’ என்னும் சொல்லையே அவர்கள் தெரிந்துகொண்டார்கள். ஒருவர் தம் உரிமையினால் வகுத்து வைக்கும் ஏற்பாடு, சிறப்பாக இறப்பிற்கு முன் எழுதும் உயில், என்பது அதன் பொருள். உயிலின் வாசகத்தைப் பற்றி மகன் தந்தையோடு பேரம் பேசுவதில்லை. தந்தை எழுதியதை ஏற்றுக்கொள்ளலாம், மறுக்கலாம். நிருபத்தின் ஆசிரியர் இவ் வுயிற்பொருளை எடுத்து ஆண்ட இடத்திலேதான் நம் மொழிபெயர்ப்பாளர் ‘மரணசாசனம்’ என்று எழுதினர்.

இப்பொழுது மூன்று சொற்களையும் நிறுத்துப் பார்ப்போம். ‘ஏற்பாடு’ என்பது கடவுள் வகுத்தார் என்பதை உணர்த்தும். ஆனால் உறவின் வெம்மை அதில் இல்லை. ‘உடன்படிக்கை’ இருவர் உளம் ஒன்றியதை உணர்த்தும். ஆனால் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதை மறைத்துவிடும். சந்தையில் விலை பேசி முடித்தாற்போன்ற எண்ணத்தையும் அது சிலருக்குத் தரும். ‘சாசனம்’ என்பதோ நம் முன்னோர் கல்லிலும் செம்பிலும் பொறித்துப் பழகிய சொல். அதன் முழு ஆற்றலை உணர வேண்டுமாயின் ஏட்டை மூடிவைத்து ஓர் ஊருக்குச் செல்லுதல் நலம்.

சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் பெருவழியும் செயங்கொண்டத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் வழியும் கூடுமிடத்தில் மீன்சுருட்டி என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து மேற்கே சில கல் தொலைவில் முதலாம் இராசேந்திர சோழன் அமைத்த தலைநகராகிய கங்கைகொண்ட சோழபுரம் இருக்கின்றது. தெற்கே சென்றால் கொள்ளிடத்தின் மேல் அணைக்கரை. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் படிப்போர் அடிக்கடி காணும் தொடர் ‘சந்திராதித்தவரை’ என்பது. சந்திரனும் ஆதித்தனும் உள்ள அளவும் இக்கொடை நிற்பதாக என்பது அதன் கருத்து. நந்தாவிளக்கு எரிக்க ஆடுகள் விட்டமையைக் கூறுமிடத்துச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதுவர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கிற்குத் தொண்ணூற்றாறு ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாடோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகாதோ, மூவாதோ எனின், சாகும், மூக்கும். ஆனால் குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்புதலால் எண் குறையாது. தலைமுறை மாறினும் கடப்பாடு மாறாது என்பதை இதனினும் அழகாகச் சொல்லல் அரிது. இக்கொடையைக் காத்தவர் பெறும் புண்ணியமும் அழித்தவர் எய்தும் பாவமும் கல்வெட்டின் இறுதியில் வரும்.

வேதம் பயின்றவர்க்கு இவை புதியன அல்ல. எரேமியா தீர்க்கதரிசி கடவுளின் உடன்படிக்கைக்குப் பகலின் ஒழுங்கையும் இரவின் ஒழுங்கையும் அளவாகக் காட்டுகின்றார். தாவீதின் சிங்காசனத்தைப் பற்றிய எண்பத்தொன்பதாம் சங்கீதம் சூரியனையும் சந்திரனையும் துணைக்கு அழைக்கின்றது. கல்லில் எழுதுதல், திருத்தலத்தில் வைத்தல், ஆசியும் சாபமும் கூறி முடித்தல் ஆகிய யாவும் இரு நாட்டிற்கும் பொது. ஆகவே வேத உடன்படிக்கையைத் தமிழர் உணர்தற்கு வணிகரின் ஒப்பந்தத்தைவிட அரசன் அளித்த சாசனமே அண்மையான உவமை எனலாம். அது கேட்டுப் பெற்ற கூலியன்று, கொடுக்கப்பட்ட கொடை. ஆயினும் பெற்றவன் கையைக் கட்டிக்கொண்டு இருத்தல் ஆகாது. நாடோறும் நெய் அளந்து விளக்கைக் காத்தல் வேண்டும்.

கொடுத்த சொல்லைக் காத்தல் எத்தகையது என்பதற்கு வேதத்தினின்று இரு நிகழ்ச்சிகளைக் காட்டுவோம். யோனத்தான் தாவீதோடு உடன்படிக்கை பண்ணித் தன் சால்வையையும் வில்லையும் கச்சையையும் கழற்றிக் கொடுத்தான். பின் அவன் போரில் மாண்டான். தாவீது அரசனானபோது, இறந்துபோன நண்பனின் பொருட்டு அவனுடைய மகனும் இரு கால்களும் முடமானவனுமாகிய மேவிபோசேத்தைத் தேடி அழைத்துத் தன் பந்தியில் இருத்தினான். கேட்பார் ஒருவரும் இல்லை. ஆனாலும் சொல் நின்றது. மற்றொன்று கிபியோனியரைப் பற்றியது. அவர்கள் யோசுவாவைச் சூதினால் ஏய்த்து உடன்படிக்கை பெற்றவர்கள். உண்மை வெளிப்பட்ட பின்னும், ஆணையிட்டுவிட்டமையால் இசுரவேலர் அவர்களை அழிக்கவில்லை. விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் அமர்த்திப் பிழைக்க விட்டனர். பல தலைமுறைக்குப் பின் சவுல் அரசன் அவ்வாக்கை மீறி அவர்களைக் கொன்றான். அதன் பயனாகத் தாவீதின் நாளில் நாடு மூன்று ஆண்டு பஞ்சத்தில் வாடியது என்று இரண்டாம் சாமுவேல் கூறுகின்றது. எளியவர்க்குக் கொடுத்த சொல்லைக் கணக்கில் வைத்திருப்பவர் ஒருவர் உளர் என்பது அதன் பொருள்.

இதனை எழுதும்போது மீன்சுருட்டிச் சாலை மீண்டும் நம் நினைவிற்கு வருகின்றது. 1836-ஆம் ஆண்டளவில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, அக்காலத்து ஆங்கில அரசினர் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் கருங்கல் மதிலைப் பெயர்த்து அணைக்குக் கல் கொண்டுபோயினர். ஊர் மக்கள் தடுக்க முயன்று தண்டனையே பெற்றனர். எடுத்த கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாக வாக்களித்தனர். அவ்வாக்கு நிறைவேறவில்லை என்று அந்நூற்றாண்டிலேயே ஒருவர் வருந்தி எழுதிவைத்தார். அணையினால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. வீராணம் ஏரிக்கு நீர் செல்வதும் அதனாலேயே. எனினும் நன்மை செய்தோம் என்பது சொல் தவறியதற்கு விடையாகாது. வாக்களித்தவர் வேதத்தை அறிந்த நாட்டினர் என்பதையும், வாக்கைப் பெற்றவர் கேட்டு வாங்க வலியற்ற எளிய மக்கள் என்பதையும் எண்ணுங்கால், மிஷன் கல்லூரியிற் பயின்ற நாம் தலை கவிழ வேண்டியவராகின்றோம். கிபியோனியர் கதையை ஞாயிறுதோறும் ஓதினால் போதாது என்பதற்கு அம்மதில் இருந்த இடம் சாட்சி.

கல்லில் எழுதினும் மனிதன் அழிப்பான் என்பதை வேதமும் அறியும். கடவுளின் கட்டளை பொறித்த முதற் கற்பலகைகள் உடன்படிக்கைப் பெட்டியினுள் சேரவே இல்லை. மக்கள் பொற்கன்றுக்குட்டியை வணங்கக் கண்ட மோசே மலையடியிலேயே அவற்றை உடைத்துப்போட்டார். ஒருவன் முறித்த ஒப்பந்தம் மற்றவனை விடுவித்துவிடும். அதுவே உலக நீதி. ஆனால் அங்கே நிகழ்ந்தது வேறு. மீண்டும் இரண்டு பலகைகளை இழைத்துக்கொண்டு மலைமேல் வா என்னும் அழைப்பே மோசேக்குக் கிடைத்தது. பின்னாளில் எருசலேம் அழிவை எய்தும் காலத்தில், எரேமியா இன்னும் ஒரு படி மேலே சென்று, இனிக் கல்லில் அன்று, உள்ளத்தில் எழுதப்படும் புதிய உடன்படிக்கையை அறிவித்தார். அதனையே இயேசு பெருமான் தமது கடைசி இராப்போசனத்தில் பாத்திரத்தை எடுத்துத் தம் இரத்தத்தோடு இணைத்துக் கூறினார். ஆபிரகாம் உறங்கிய இரவில் துண்டுகளின் நடுவே நடந்தவர் தம் ஆணையின் விலையைத் தாமே கொடுத்தார் என்று திருச்சபை இதனை உணர்கின்றது. உடன்படிக்கை, ஏற்பாடு, மரணசாசனம் ஆகிய மூன்று சொற்களும் அப் பாத்திரத்தில் ஒன்றாகின்றன. அங்கே உறவு உண்டு, கொடை உண்டு, கொடுத்தவரின் மரணமும் உண்டு.

ஆகவே, ஒப்பந்தத்தில் ‘நீ தவறினால் நானும் தவறுவேன்’ என்னும் வாசகம் மறைந்திருக்கும். உடன்படிக்கையிலோ ‘நீ தவறினும் நான் நிற்பேன், ஆதலின் நீ திரும்பி வா’ என்னும் குரல் கேட்கும். முதலாவது கணக்கைக் காக்கும். இரண்டாவது ஆளைக் காக்கும்.

மாணவ நண்பர்களே, கல்லூரியை விட்டு நீங்கள் செல்லுங்கால் பலருக்குச் சொல் கொடுப்பீர்கள். மணவறையில் கொடுப்பீர்கள், அலுவலில் கொடுப்பீர்கள், பெற்றோருக்கும் ஏழை உறவினருக்கும் கடிதத்தில் கொடுப்பீர்கள். அவற்றுட் பல, கேட்டு வாங்க வலியற்றவர்க்குக் கொடுத்தனவாக இருக்கும். அச்சொற்களே உங்கள் சாசனம். மீன்சுருட்டி வழியாகச் செல்லும் பழைய மாணவர் யாரேனும் இருப்பின், சற்றே மேற்கே திரும்பிச் சென்று, மதில் இழந்து நிற்கும் அப் பெருங்கோயிலைக் கண்டு வருவாராக. சந்திராதித்தவரை என்று எழுதுவது எளிது. எழுதியபடி ஒரு நாளைக்கு ஓர் உழக்கு நெய் அளப்பதே அரிது. அதனைச் செய்பவனே உடன்படிக்கையின் பொருளை அறிந்தவன்.