தனிநபர் நீரூர்திப் பாதுகாப்பு

தனிநபர் நீரூர்தி என்பது ஓட்டுநர் உள்ளே அமராமல், மேலே அமர்ந்தோ நின்றோ செலுத்தும் சிறிய விசைப்படகு ஆகும். கவாசாகி நிறுவனத்தின் வணிகப் பெயரான ஜெட் ஸ்கி என்பதே பேச்சு வழக்கில் இவ்வகை ஊர்திகள் அனைத்தையும் குறிக்கிறது.

இதன் அடியிலுள்ள திறப்பின் வழியே நீரை உறிஞ்சும் எக்கி, அதைப் பின்புறக் குழல்வாய் வழியே விசையுடன் பீய்ச்சுகிறது. கைப்பிடியைத் திருப்பினால் அக்குழல்வாய் திரும்பும், சுக்கான் கிடையாது. ஆகவே நீர்த்தாரை நின்றால் திசைதிருப்பும் ஆற்றலும் பெரும்பாலும் அற்றுப்போகும். எதிரே தடை தென்பட்டால் விசைப்பிடியை விட்டுவிடுவது மனித இயல்பு. சாலையில் அது சரியே; இங்கோ ஊர்தி நேராகச் சறுக்கிச் சென்று மோதிவிடும். சற்றே விசை கொடுத்தபடி திரும்புவதே தப்பும் வழியாகும். பிற்காலத்தில் சில ஊர்திகளில் வேகத்தடுப்பு அமைக்கப்பட்டது எனினும், பழையவற்றில் அது இல்லை.

பிற பொழுதுபோக்குப் படகுகளில் இறப்புக்கு முதற்காரணம் நீரில் மூழ்குதல். நீரூர்திகளிலோ மோதலால் ஏற்படும் காயமே என அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998 இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிட்டது. எனவே மிதவை அங்கி இன்றியமையாதது எனினும் அது மட்டும் போதாது. பிற படகுகளிலிருந்து போதிய இடைவெளியும் வேண்டும்.

பின்னால் விழும் பயணியின் கீழுடலினுள் நீர்த்தாரை பாய்ந்து குடலைக் கிழிக்கக்கூடும். சாதாரண நீச்சலுடை இதைத் தடுக்காது. தடித்த நியோப்ரீன் கால்சட்டையை உற்பத்தியாளர்கள் வலியுறுத்துவது இதனாலேயே.

பொறிநிறுத்தக் கயிற்றின் ஒரு முனை ஓட்டுநரின் மணிக்கட்டிலோ அங்கியிலோ இணைக்கப்படும். அவர் விழுந்தால் மறுமுனை கழன்று பொறி நின்றுவிடும்.