ஊசிக்கு முன்னும் தையலுக்குப் பின்னும்

நாய்களுக்கான இலவசக் கருத்தடை முகாம் என்றதும் அறுவை மேசையும் பச்சை அங்கி அணிந்த மருத்துவருமே பலருக்கு நினைவில் எழுந்தாலும், பழகிய கைகளில் ஒரு பெண் நாயின் அறுவை அரைமணி நேரத்தை ஒட்டியும் ஆண் நாயினுடையது அதைவிட விரைவாகவும் முடிந்துவிடுவதால், முகாமின் வெற்றி பெரும்பாலும் அந்த அரைமணிக்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலையைப் பொறுத்தே அமைகிறது. நாயைப் பதற்றமின்றிப் பிடிப்பதும், முந்தைய இரவு பட்டினி போடுவதும், எந்தத் தெருவில் பிடித்தது என்று எழுதி வைப்பதும், மயக்கம் தெளியும் வரை அருகில் அமர்ந்திருப்பதும், அதே தெருவில் கொண்டுபோய் விடுவதும் மருத்துவப் பட்டம் வேண்டாத வேலைகள். உலகெங்கும் இவற்றைச் சுமப்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையில், காலிமனைகளும் புதிய குடியிருப்புகளும் கலந்து கிடக்கும் ஊரப்பாக்கம் போன்ற ஊர்களுக்கு இந்தச் செய்தி நெருக்கமானது. மனைகள் வீடுகளாகும் வேகத்தில் குப்பையும் அதை நம்பிய நாய்களும் பெருகும் புறநகரில், அறுவை அரங்கு எங்கே இருக்கிறது என்பதைவிட, நாயை அங்கே யார் கொண்டுசெல்வார், யார் திரும்பக் கொண்டுவருவார் என்பதே முதல் கேள்வியாகிறது.

பெண் நாய்க்கு மனிதரிடம் செய்வதுபோல் கருக்குழாயைக் கட்டி விடுவதில்லை. இரு சூலகங்களையும் கருப்பையையும் சேர்த்தே அகற்றிவிடுகிறார்கள். இதனால் குட்டி போடுவது மட்டுமன்றிப் பருவத்துக்கு வருவதும் நின்றுபோகிறது. ஆண் நாய்கள் கூட்டமாகத் துரத்துவதும், அவை தமக்குள் கடித்துக்கொள்வதும், குட்டி ஈன்ற தாய் அண்டை வீட்டாரை விரட்டுவதும் குறைகின்றன. கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தான நோயும் வருவதில்லை. சூலகத்துக்கு வரும் இரத்தக் குழாயை, உடலில் தானே கரையும் நூலால் இறுக்கி முடிச்சிட்ட பிறகே வெட்டுகிறார்கள். அறுவை முழுவதிலும் அஞ்சத்தக்க இடம் இந்த முடிச்சுத்தான். வயிற்றைத் தைத்து மூடிய பின் அது நழுவினால் வெளியே ஒரு சொட்டு இரத்தமும் தெரியாமல் உள்ளே குருதி பெருகும்.

அதைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், மயக்கம் தெளியும் அறையில் அமர்ந்திருப்பவரே. கோணிமீது பக்கவாட்டில் கிடக்கும் நாயின் மேலுதட்டைத் தூக்கி, ஈறை விரலால் ஒருமுறை அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானாலோ, ஈறே சுண்ணாம்புபோல் வெளிறியிருந்தாலோ உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். மயக்க மருந்தின் பிடியில் பல நாய்களின் கண்கள் திறந்தபடியே இருப்பதால், விழி உலராதிருக்கக் களிம்பு இடுவதும், நாக்கை வெளியே இழுத்து வைத்து மூச்சுவழியைக் காப்பதும், அவ்வப்போது உடலைப் புரட்டிப் படுக்க வைப்பதும் அவருடைய கடமைகள். செங்கல்பட்டு வெயிலில் நாய்க்குக் குளிரெடுக்கும் என்றால் நம்பக் கடினம்தான். ஆனால் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டிய உடல்சூடு மயக்கத்தில் இறங்கிவிடுவதால், தரையில் நாளிதழ் விரித்து, மேலே பழைய துணி போர்த்தி, வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி அணைவாக வைக்கிறார்கள். விழுங்கும் திறன் திரும்பும் வரை ஒரு வாய் தண்ணீரும் கொடுப்பதில்லை; இரக்கப்பட்டுப் பால் ஊற்றுபவரைத் தடுப்பதும் தன்னார்வலர் வேலையில் அடங்கும்.

இந்த முறையின் வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. விமானியான கேப்டன் வி. சுந்தரமும், விமானம் ஓட்டிய முன்னோடிப் பெண்களில் ஒருவரான அவர் மனைவி உஷா சுந்தரமும் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1964 முதலே வலியுறுத்தி வந்தது. மாநகராட்சியோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. நாய்களும் குறையவில்லை, வெறிநாய்க்கடியும் குறையவில்லை. சுந்தரத்தின் மகனும் பொறியாளருமான சின்னி கிருஷ்ணா முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதே வாதத்தை எடுத்துரைத்த பிறகு, 1990களின் நடுவில்தான் மாநகராட்சி கொல்வதைக் கைவிட்டுக் கருத்தடைக்கு மாறியது. நாடு முழுமைக்குமான விதிகள் 2001இல் வந்து, 2023இல் புதுப்பிக்கப்பட்டன. கொன்றும் குறையாததற்குக் காரணம் எளியது: ஒரு தெருவின் குப்பையும் எச்சில் இலையும் எத்தனை நாய்களுக்குச் சோறு போடுமோ அத்தனை நாய்கள் அங்கே வாழும்; இருப்பவற்றை அகற்றினால், வெறிநோய்த் தடுப்பூசி காணாத புதிய நாய்கள் அந்த இடத்துக்கு வந்து சேரும். கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாயைப் பழைய இடத்திலேயே விட வேண்டும் என்பதன் பொருள் இதுவே. அறுவை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் சிறிது வெட்டி விடுகிறார்கள். பலர் நினைப்பதுபோல் அது சண்டையில் கிழிந்த காது அன்று.

வெளிநாட்டுத் தன்னார்வலர் இந்தியாவுக்குள் வந்த கதையும் இதன் கிளையே. ஜெய்ப்பூரில் ‘ஹெல்ப் இன் சஃபரிங்’ அமைப்பு 1994 நவம்பரில் தொடங்கிய திட்டத்தில் பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஜாக் ரீஸ் நெடுங்காலம் பணியாற்றினார். எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 நாய்களுக்குச் சிகிச்சை அளித்து, பெண் நாய்களில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியபோது, அப்பகுதியில் நாய்களின் எண்ணிக்கை கால்பங்குக்கு மேல் குறைந்ததும், மனிதரிடையே வெறிநாய்க்கடி மரணம் இல்லாமல் போனதும் ஆய்விதழில் பதிவாயின. தமிழ்நாட்டில் நீலகிரி இதற்கு முக்கியமான இடம். பிரிட்டனின் லூக் கேம்பிள் நிறுவிய ‘வேர்ல்ட்வைட் வெட்டர்னரி சர்வீஸ்’ அங்கே நடத்தும் பயிற்சி மையத்துக்கு, அயல்நாட்டுக் கால்நடை மருத்துவர்களும் மாணவர்களும் அறுவை பழகவும் உதவவும் வருகிறார்கள். இந்திய மருத்துவர்கள் பலரும் அங்கே பயின்று தத்தம் ஊர்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அதே அமைப்பு 2013இல் தொடங்கிய ‘மிஷன் ரேபிஸ்’ இயக்கம் கோவாவில் ஆண்டுதோறும் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதன் விளைவாக, 2018 முதல் அங்கே மனித மரணம் பதிவாகவில்லை என்று அரசு 2021இல் அறிவித்தது. குன்னூரில் 1907இல் தொடங்கி, மனிதருக்கான வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்துக்குப் பெயர்பெற்ற பாஸ்டர் நிறுவனம் அமைந்த மலைத்தொடரிலேயே நாய்களுக்கான பணியும் வேர்விட்டது பொருத்தமான தற்செயல்.

இத்தகைய பயணத்தில் மெச்சத்தக்கது உண்டு, கேள்விக்குரியதும் உண்டு. இரண்டு வாரம் வந்து போகும் மாணவர் அனுபவம் பெற்றுச் செல்கிறார். அவர் போட்ட தையல் பழுத்தால் பார்க்க வேண்டியவர் உள்ளூர் ஊழியர். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984 பதிவு பெற்ற மருத்துவருக்கே சிகிச்சை உரிமையை அளிக்கிறது. ஆகவே அயல்நாட்டவரின் ஆர்வம் எவ்வளவு பெரிதாயினும், பொறுப்பேற்கும் உள்ளூர் மருத்துவர் உடனில்லாத முகாம் நம்பத்தக்கதன்று. பூட்டானில் 2009இல் அயல்நாட்டு அமைப்பொன்றின் துணையோடு தொடங்கிய பணியை அந்நாட்டு அரசும் மருத்துவர்களும் படிப்படியாகத் தம்முடையதாக்கிக்கொண்டதால்தான், தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை முடிந்தது என்று 2023 அக்டோபரில் அறிவிக்க முடிந்தது.

சென்னை மாநகராட்சிக்குப் புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனி ஆகிய இடங்களில் நெடுநாளாக இனக்கட்டுப்பாட்டு மையங்கள் இருந்தும், 2024இல் எடுக்கப்பட்ட கணக்கு, நகரின் சுமார் 1.8 லட்சம் தெருநாய்களில் ஏறக்குறைய 27 விழுக்காட்டுக்கே கருத்தடை ஆகியிருப்பதாகக் காட்டியது. தடுப்பூசியில் சுமார் 70 விழுக்காட்டை எட்டினாலே நோய்ப்பரவல் அறுபடும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு. கருத்தடையிலும் ஏறத்தாழ அந்த அளவை, அதுவும் குறுகிய காலத்தில் எட்டாவிட்டால், எஞ்சிய பெண் நாய்கள் ஈனும் குட்டிகளே குறைந்ததை நிரப்பிவிடும். பத்துத் தெருக்களில் பத்துப் பத்து நாய்களைப் பிடிப்பதைவிட, ஒரே குடியிருப்பில் உள்ள அத்தனை பெண் நாய்களையும் பிடித்து முடிப்பதே பயன் தரும். எந்த நாய் எந்த வீட்டு வாசலில் படுக்கிறது, எது பிஸ்கட்டுக்கு வரும், எது ‘நாய் வண்டி’ சத்தம் கேட்டாலே ஏரிக்கரைக்கு ஓடும் என்பதை வெளியூர் ஊழியர் அறியார். தினமும் சோறு வைக்கும் பெண்மணியும் டீக்கடைக்காரரும் அறிவார்கள். ஊரப்பாக்கத்தில் முகாம் நடத்த முன்வருவோர் முதலில் தேட வேண்டிய தன்னார்வலர்கள் இவர்களே.

வளர்ப்பு நாய்கள் பெரும்பாலும் இக்கணக்கில் வருவதில்லை. பகலெல்லாம் அவிழ்த்துவிட்டு இரவில் கட்டிப்போடும் வீடுகள் புறநகரில் ஏராளம். அந்த நாய்களின் குட்டிகளில் ஆண் குட்டிகளுக்கு வீடு கிடைக்க, பெண் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டு ஏரிக்கரைக்கோ சந்தைப் பின்புறத்துக்கோ போய்ச் சேருகின்றன. வீட்டு நாயையும் பூனையையும் ஆறு மாத வயதை ஒட்டி மருத்துவரிடம் காட்டி அறுவைக்கு நாள் குறித்துக்கொள்ளலாம். வசதியற்றோருக்கு அதை இலவசமாகச் செய்வதே உலகின் பல நாடுகளில் சமூக முகாம்களின் முதல் நோக்கம். இங்கே ‘ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பாவம்’ என்ற பேச்சு அதற்குக் குறுக்கே நிற்கிறது; மருத்துவ முறையில் அந்தப் பாவத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை, முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் பால்மடிக் கட்டி வரும் வாய்ப்புக் குறைவு என்றே மருத்துவர் பலரும் கருதுகின்றனர்.

தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடைக்குப் பின் பிடித்த இடத்திலேயே விட அனுமதித்து, நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக் கூடாது என்று ஆணையிட்டது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் அமைந்த ஊரப்பாக்கம் பகுதியில், அப்படிப் பிடிக்கப்படும் நாய்களுக்குக் காப்பகம் எங்கே, செலவு யாருடையது என்பன உள்ளாட்சி அமைப்புகள் விடைகாண வேண்டிய கேள்விகள்.

முகாமுக்கான காலமும் கவனிக்கத்தக்கது. நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாட்கள்; ஊர்வழக்கில் நாய்களின் இணைப்பருவம் புரட்டாசியில் தொடங்கி மார்கழி வரை நீள்வதாகச் சொல்லப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில் பெய்வதால், பிடிக்கும் வண்டி சேற்றில் சிக்குவதும், கூண்டுத் தரை ஈரமாகித் தையல் பழுப்பதும் அப்போது எளிதில் நேரும். ஆகவே ஊரப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் கரை வரை முகாம் நடத்த விரும்புவோர் ஆடி, ஆவணி மாதங்களிலேயே பெண் நாய்களை முடித்துவிட்டு, மழைக்குப் பின் தை மாதத்தில் தப்பியவற்றைத் தேடிப் பிடிப்பது நல்லது.