எல்லை தாண்டிய சக்கரங்கள் – 9: பின்னறை அலமாரி

சென்ற வாரம் ஹோண்டா 1959-ல் லாஸ் ஏஞ்சலஸில் கடை விரித்த கதையைப் பார்த்தோம். ஒரு தொழிற்சாலை சொந்த ஆட்களோடும் சொந்தப் பணத்தோடும் வேற்று மண்ணில் இறங்கிய கதை அது. இந்த வாரக் கதையில் தொழிற்சாலைகள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. வண்டி மேல் பித்துப் பிடித்த இரண்டு அமெரிக்கர்கள் ஐரோப்பாவுக்குத் தேடிப் போய், அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த பிறகுதான் வேலையே ஆரம்பித்தது. வெளிநாட்டு வண்டி ஒருமுறை கடல் தாண்டினால் போதும். அதன் உதிரிபாகங்கள் ஆயுள் முழுக்கக் கடல் தாண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நாம் பேசப்போவது டர்ட் பைக்குகளைப் பற்றி. சேறு, மணல், பாறை, ஓடை என்று சாலை இல்லாத இடங்களில் ஓடுவதற்கென்றே செய்யப்படுபவை. மூடிய மைதானத்தில் சுற்றிச் சுற்றிப் பாய்ந்தால் மோட்டோகிராஸ். காட்டுப் பாதையில் மணிக்கணக்காக, நாள்கணக்காக ஓடினால் எண்டியூரோ. இரண்டிலும் வண்டி தேயும் வேகம், நம் தெருவில் ஓடும் பைக்கோடு ஒப்பிடவே முடியாதது.

முதலில் பந்தயத்தை விற்றவர்

1960-களின் நடுப்பகுதி வரை அமெரிக்கக் காடுகளிலும் பாலைவனங்களிலும் பெரும்பாலும் கனமான வண்டிகளே ஓடின. டிரையம்ப், பி.எஸ்.ஏ. போன்ற பிரிட்டிஷ் வண்டிகளும் ஹார்லி டேவிட்சனும்தான் ராஜாக்கள். பெரிய என்ஜின் இருந்தால்தான் ஆண்மை என்ற எண்ணம் ஊறிப்போயிருந்த காலம். 250 சிசி டூ ஸ்ட்ரோக் என்றால் சின்னப் பையன்கள் சமாசாரம்.

கலிஃபோர்னியாவின் சான் டியகோவைச் சேர்ந்த எடிசன் டை, அமெரிக்கர்களை ஐரோப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் சுற்றுலா அழைத்துப்போகும் தொழில் செய்தவர். அந்தப் பயணங்களில் மோட்டோகிராஸ் பந்தயங்களைப் பார்த்தார். ஸ்வீடனின் ஹஸ்க்வார்னா அவர் கண்ணில் பட்டது. 1689-ல் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம். 1903-லிருந்து மோட்டார் சைக்கிளும் செய்துவந்தது. அமெரிக்க இறக்குமதி உரிமையை டை வாங்கினார்.

பெயரைச் சரியாக உச்சரிக்கவே வராத ஒரு வண்டியை யாரிடம் விற்பது? விளம்பரத்தை நம்பவில்லை டை. 1966-ல் ஹஸ்க்வார்னாவின் உலகச் சாம்பியன் டார்ஸ்டன் ஹால்மனை நேரில் வரவழைத்து, உள்ளூர்க்காரர்களோடு மோதவிட்டார். அவர்களுடைய கனரக வண்டிகள் மேட்டில் தடுமாறிக்கொண்டிருக்க, நூறு கிலோ சொச்சம் எடையுள்ள வண்டியில் ஹால்மன் பறந்து போனார். பார்த்தவர்கள் அன்றே விலை விசாரித்தார்கள். அடுத்த ஆண்டு ரோஜர் டி காஸ்டர், ஜோயல் ரொபேர் போன்ற ஐரோப்பிய ஓட்டுநர்களும் வந்து ஓடினார்கள். அமெரிக்க மோட்டோகிராஸின் தந்தை என்று டையை இன்றும் சொல்வது இதனால்தான். 1971-ல் வெளிவந்த ‘ஆன் எனி சண்டே’ ஆவணப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீனும் மால்கம் ஸ்மித்தும் ஹஸ்க்வார்னாவில் ஓடியதை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு விற்பனைக்குத் தனி முயற்சி தேவைப்படவில்லை.

கேட்டு வாங்கிய வண்டி

ஹஸ்க்வார்னாவின் கிழக்கு அமெரிக்க விநியோகம் ஒஹையோ மாநிலத்தின் ஆம்ஹெர்ஸ்ட் ஊர்க்காரர் ஜான் பெண்டன் கைக்கு வந்தது. விவசாயக் குடும்பத்தில் 1925-ல் பிறந்தவர். சகோதரர்களோடு சேர்ந்து மோட்டார் சைக்கிள் கடை நடத்தினார். கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிற ஆள் இல்லை. 1959-ல் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை பி.எம்.டபிள்யூ.வில் 52 மணி நேரம் 11 நிமிடங்களில் ஓட்டிச் சாதனை படைத்தவர். எண்டியூரோ பந்தயங்களில் பெரிய வண்டிகளுக்கு நடுவே சின்ன ஜெர்மன் என்.எஸ்.யு.வை ஓட்டி, எடை குறைந்த வண்டியே காட்டுக்கு ஏற்றது என்று தன் உடம்பால் கற்றவர்.

இன்னும் சின்னதாக, இன்னும் இலகுவாக ஒரு வண்டி செய்து தாருங்கள் என்று அவர் ஹஸ்க்வார்னாவைக் கேட்டார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். 1967-ல் ஆஸ்திரியாவின் மாட்டிக்ஹோஃபன் என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே 1934-ல் ஹான்ஸ் ட்ருங்கன்போல்ஸ் ஆரம்பித்த பட்டறை வளர்ந்து கே.டி.எம். ஆகியிருந்தது. ஹான்ஸின் மகன் எரிக் நிர்வாகத்தில் இருந்தார். அந்தக் காலத்தில் அவர்களுடைய பிழைப்பு சைக்கிளும் மொபெட்டும்தான். பெண்டன் தன் கைக்காசு 6,000 டாலரை வைத்து, தான் விவரிக்கிறபடி மாதிரி வண்டி செய்யச் சொன்னார். 1968 மார்ச்சில் முதல் வண்டிகள் அமெரிக்கா வந்தன. டேங்கில் கே.டி.எம். என்று இல்லை, ‘பெண்டன்’ என்று எழுதியிருந்தது.

வண்டிகளுக்கு வைத்த பெயர்களில்கூடக் காடும் பந்தயமும்தான். 100 சிசிக்கு ‘பெர்க்‌ஷயர்’, 125 சிசிக்கு ‘சிக்ஸ் டே’, பிற்பாடு வந்த 175-க்கு ‘ஜாக்பைனர்’. பந்தயம் ஓடுகிறவனுக்குப் பெயரைக் கேட்டதுமே தனக்கான வண்டி என்று புரியும்.

அலமாரியில் இருந்த ரகசியம்

ஆரம்பகாலப் பெண்டன் வண்டியின் சட்டகம் ஆஸ்திரியா. என்ஜின் ஜெர்மனியின் ஃபிக்டல் அண்ட் சாக்ஸ். முன் ஃபோர்க் இத்தாலியின் செரியானி. பார்த்தால் பல நாட்டுக் கதம்பம். ஒஹையோவில் ஒரு பிஸ்டன் ரிங் உடைந்தால் எந்த நாட்டுக்குக் கடிதம் போடுவது?

ஆனால் இந்தக் கதம்பத்தில் ஒரு சௌகரியமும் ஒளிந்திருந்தது. சாக்ஸ் என்ஜினை டி.கே.டபிள்யூ., ஹெர்குலிஸ் போன்ற வேறு வண்டிகளும் பயன்படுத்தின. ஒரு தொழிற்சாலைக்குள் மட்டும் பிறந்து அங்கேயே முடிந்துபோகிற பாகம் அல்ல அது. இறக்குமதி வண்டி வாங்குகிறவர்கள் இன்றைக்கும் கவனிக்க வேண்டிய விஷயம் இது: வண்டியின் பெயர் புதிதாக இருக்கலாம், உள்ளே இருக்கும் என்ஜினும் கார்புரேட்டரும் பிரேக்கும் பழகிய கம்பெனிகளுடையவையா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சாக்ஸ் என்ஜினுக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. கியர் மாற்றினால் சரியாக விழாது. இரண்டு கியருக்கும் நடுவே பொய் நியூட்ரலில் தொங்கும். செங்குத்து மேட்டில் ஏறும்போது அப்படி நடந்தால் ஓட்டுகிறவன் நிலை என்ன? அனுசரிப்பு கச்சிதமாக இருந்தால் அதே கியர்பெட்டி ஒழுங்காக நடக்கும். அந்த நுணுக்கம் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்து, ஒரே வண்டி ஓர் ஊரில் தங்கம், அடுத்த ஊரில் தொல்லை.

கருவிப் பிரச்சினை வேறு. அமெரிக்கப் பட்டறைகளில் தொங்கியவை அங்குல ஸ்பேனர்கள். பிரிட்டிஷ் வண்டிகளுக்கு விட்வொர்த் என்று தனி அளவு. ஆஸ்திரிய வண்டிக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும். பொருந்தாத ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் போல்ட்டின் தலை வழுக்கிப் போகும். ஆகவே புதிய டீலர் ஆக வருகிறவர் முதலில் வாங்க வேண்டியது வண்டி அல்ல, ஸ்பேனர் செட்.

பெண்டன் வண்டியை விற்ற பலர் சிறு கடைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை தாங்களே பந்தயம் ஓடுகிறவர்கள். எது முதலில் தேயும், எது உடையும் என்று அவர்களுக்குத் தெரியும். பின்னறை அலமாரியில் கிளட்ச் பிளேட், கேபிள், லீவர், ஸ்ப்ராக்கெட், ஸ்போக் இருக்கும். பெண்டன் ‘ஹை பாயிண்ட்’ என்ற பெயரில் எண்ணெய், பந்தய உடை, இத்தாலியின் ஆல்பைன்ஸ்டார்ஸ் செய்த பூட்ஸ் என்று துணைப் பொருள்களையும் விற்றார். வண்டி ஒருமுறை விற்பது. இவை மாதாமாதம் விற்பவை. வண்டி விற்காத குளிர்காலத்திலும் கடை திறந்திருந்தால்தான், வசந்தத்தில் சர்வீஸ் செய்ய ஆள் இருக்கும்.

இதற்கெல்லாம் பரீட்சைக் களம், 1913-லிருந்து நடந்துவரும் சர்வதேச ஆறு நாள் போட்டி. அங்கே விதி கறார். முக்கிய பாகங்களில் அடையாளம் இட்டுவிடுவார்கள். அவற்றை மாற்றக் கூடாது. மற்ற பழுதை ஓட்டுகிறவரே, குறித்த நேரத்துக்குள், தன் கையால் பார்க்க வேண்டும். டயரைக் கழற்றி மாட்டுவதைச் சில நிமிடங்களில் முடிக்காதவன் அங்கே தேற மாட்டான். பெண்டன் அமெரிக்க ஓட்டுநர்களைத் திரட்டி அந்தப் போட்டிக்குத் திரும்பத் திரும்ப அழைத்துப்போனார். அங்கே உடைந்தது என்ன என்ற தகவல் மாட்டிக்ஹோஃபனுக்குப் போகும். அடுத்த ஆண்டு வண்டியில் அது திருத்தப்பட்டிருக்கும். 1973-ல் போட்டி முதன்முறையாக அமெரிக்க மண்ணில், மாசசூசெட்ஸில் நடந்தபோது சில்வர் வாஸ் கோப்பையை அமெரிக்க அணி வென்றது. வென்ற அணி ஓட்டியது ஹஸ்க்வார்னா. அமெரிக்கர்களின் பெயரே எடுபடாமல் இருந்த போட்டி அது. டையும் பெண்டனும் கொண்டுவந்த இலகு வண்டிகள் ஏழெட்டு ஆண்டுகளில் நிலைமையைப் புரட்டிப்போட்டிருந்தன.

கை மாறிய கடை

சுமார் பத்தாண்டுகளில் 25,000-க்கும் மேற்பட்ட பெண்டன்கள் விற்றன. பிறகு இரண்டு பக்கமும் அடி விழுந்தது. 1973-ல் ஹோண்டா எல்ஸினோர் வந்தது. விலை குறைவு, எந்த ஊரிலும் டீலர், எந்த டீலரிடமும் பாகம். அதே சமயம் டாலரின் மதிப்பு இறங்க, ஐரோப்பிய வண்டிகளின் விலை ஏறியது. 1978-ல் விநியோகத்தை கே.டி.எம். தானே எடுத்துக்கொண்டது. டேங்கில் பெண்டன் பெயர் போய் கே.டி.எம். வந்தது. ஆனாலும் கே.டி.எம்.மின் அமெரிக்க அலுவலகம் பல காலம் அதே ஒஹையோ வட்டாரத்தில்தான் இருந்தது. புதிய ஊரில் கடை போட்டாலும் அந்த அறிவையும் ஆட்களையும் பெயர்த்துக்கொண்டு போக முடியாதே.

கே.டி.எம். 1991-ல் திவாலாகி, பிரிக்கப்பட்டு, மீண்டது. 2007-ல் புனேயின் பஜாஜ் ஆட்டோ 14.5 சதவீதப் பங்கு வாங்கி உள்ளே வந்தது. ஹஸ்க்வார்னா இத்தாலியின் கஜிவா, ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. என்று கைமாறி, 2013-ல் கே.டி.எம். குடும்பத்துக்கே வந்து சேர்ந்தது. ஒருவர் மறுத்த வண்டியை மற்றவர் செய்ததால் எதிரெதிரே நின்ற இரண்டு பெயர்களும் இன்று ஒரே கூரையின் கீழ். 2024 நவம்பரில் கே.டி.எம். மறுபடி கடனில் மூழ்கி, நீதிமன்றக் கண்காணிப்பில் மறுசீரமைப்புக்குப் போனது, உற்பத்தி நின்றது. 2025-ல் பஜாஜின் பணம்தான் தூக்கிவிட்டது.

இன்றைக்கு வாங்குகிறவருக்கு

அதே 2024 நவம்பரில்தான் இந்தியாவிலும் கே.டி.எம்.மின் இறக்குமதி டர்ட் பைக்குகள் விற்பனைக்கு வந்தன: குழந்தைகளுக்கான 50 சிசியிலிருந்து 450 சிசி மோட்டோகிராஸ் வரை. முழுமையாகச் செய்து இறக்குமதியாகும் 1,600 சிசி வரையிலான வண்டிகளுக்குச் சுங்க வரியை 2025 பட்ஜெட் 50 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைத்தது. ஆசைப்படுகிறவர்கள் கூடுவார்கள். புதிய டீலரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி பதிவு. மோட்டோகிராஸ் வண்டிக்கு ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி எதுவும் கிடையாது. ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்ய முடியாது. சாலையில் ஓட்டவும் கூடாது. மைதானத்துக்கு லோடு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பதிவு செய்து தருகிறேன் என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மணிக்கணக்கு. இந்த வண்டிகளின் சர்வீஸ் கிலோமீட்டரில் இல்லை, ஓடிய மணி நேரத்தில். அதற்கென்றே மீட்டர் உண்டு. பந்தயம் ஓடினால் பத்துப் பதினைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை என்ஜின் ஆயில் மாற்றுவது சாதாரணம். ஏர் ஃபில்டரைப் புழுதியில் ஓட்டிய ஒவ்வொரு தடவையும் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவி மாட்ட வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் மணல் நேராக சிலிண்டருக்குள் போகும். வால்வ் இடைவெளி, பிஸ்டன், ஃபோர்க் ஆயில் எல்லாவற்றுக்கும் மணிக் கெடு உண்டு. பட்டியலை வாங்கி, ஒவ்வொன்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள். வண்டி விலையை மட்டும் கணக்குப் போட்டு வாங்கியவர்களின் வண்டிதான் ஓர் ஆண்டில் விற்பனைக்கு வருகிறது.

மூன்றாவது, பின்னறை. ஷோரூம் வெளிச்சத்தைப் பார்த்தது போதும், ஸ்பேர் பார்ட்ஸ் அலமாரியைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், லீவர், கேஸ்கெட் செட், பிஸ்டன் கிட் கையிருப்பில் இருக்கிறதா? இல்லையென்றால் எங்கிருந்து, எத்தனை வாரத்தில் வரும்? சஸ்பென்ஷனைப் பிரித்து வேலை பார்க்கப் பயிற்சி பெற்ற மெக்கானிக் யார்? அவரிடம் பேச முடியுமா? அவரோ கடைக்காரரோ இந்த வண்டியை மண்ணில் ஓட்டியதுண்டா?

கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், மற்றக் குறைகளைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். டையும் பெண்டனும் வேற்று நாட்டு வண்டியை வேரூன்ற வைத்தது அந்தத் தகுதியால்தான். தாங்கள் விற்ற வண்டி எங்கே தேயும் என்பது அவர்களுக்கு வாடிக்கையாளருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

அடுத்த வாரம்: பெண்டனின் முதல் வண்டிகள் அமெரிக்கா வந்த அதே 1968-ல், டர்ட் பைக்குக்கு லைட்டும் நம்பர் பிளேட்டும் மாட்டி நடுத்தர வீட்டுக் கொல்லை வரை கொண்டுபோன யமஹா டி.டி.–1.

(தொடரும்)