அப்பளக்காரமும் அதன் இனத்துச் சோடா உப்புகளும்

தாமிரபரணியின் தென்கரையில், அம்பாசமுத்திரத்திற்கு எதிரே அமைந்த கல்லிடைக்குறிச்சி, அதன் அப்பளத்தால் பெயர் பெற்ற ஊராகும். உளுத்தமாவும் உப்பும் அப்பளக்காரமும் நீரும் சேர்த்துப் பிசைந்து, இடித்து, மெல்லியதாக இட்டு உலர்த்துவதே அப்பளத்தின் பாகம். இதில் அளவிற் சிறியதாயினும் குணத்திற் பெரியது காரமே. இக்காரமும் இதன் இனத்தைச் சேர்ந்த மற்றச் சோடா உப்புகளும் வீட்டிலும் வயலிலும் செய்யும் நன்மை தீமைகளைக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

மூவகைச் சோடா

முதலாவது, ஆப்பசோடா எனப்படும் சமையற்சோடா. ரசாயனத்தில் இதற்கு சோடியம் பைகார்பனேட் என்று பெயர். இது மூன்றிலும் சாந்தமானது. 100 பங்கு சமையற்சோடாவை நன்கு காய்ச்சினால் சுமார் 26 பங்கு கரியமில வாயுவும், சுமார் 11 பங்கு நீராவியும் வெளிப்பட்டு, 63 பங்கு சோடியம் கார்பனேட் எஞ்சி நிற்கும். மாவு உப்புவதற்கு அவ்வாயுவே காரணம்.

இரண்டாவது, சலவைச் சோடா. இது மேற்சொன்ன சோடியம் கார்பனேட்டே. பளிங்குருவில் உள்ளபோது இதன் எடையில் சுமார் 63 பங்கு வெறும் நீராகும்; திறந்து வைத்தால் அந்நீர் நீங்கி வெண்பொடியாக உதிரும். ஆதலால் ஒரே அளவு கரண்டியில் பளிங்கைவிடப் பொடிக்கு வலிமை அதிகம். அப்பளக்காரம் என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் இவ்விரண்டும் கலந்ததே. வண்ணார் முற்காலத்தில் துணி வெளுக்கச் சேகரித்த உவர்மண்ணின் சக்தியும் இவ்வுப்பினாலாயதே.

மூன்றாவது, காஸ்டிக் சோடா. இது பெயரளவில் மட்டுமே மற்றவற்றிற்கு உறவு. சோப்புக் காய்ச்சவும் சாக்கடைக் குழாய் அடைப்பை நீக்கவும் உபயோகப்படுவது. தோலையும் கண்ணையும் உணவுக்குழாயையும் வெந்து கரையச் செய்யும் கொடிய வஸ்து.

சமையலில் அளவு

அப்பளத்தில் காரம் மிகுந்தால் நிறம் மஞ்சளித்துச் சவர்க்காரச் சுவை தட்டும். பருப்பு விரைவில் வேகச் சோடா இடும் வழக்கம் விறகை மிச்சப்படுத்துமாயினும், பருப்பிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழித்துவிடும். மேலும், ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம், சமையற்சோடாவில் 1.4 கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சோடியம் உண்டு. ஒருவர் நாளொன்றுக்கு 2 கிராமுக்குக் குறைவாகவே சோடியம் கொள்ளவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. ஆகையால் இரத்தக் கொதிப்பும் சிறுநீரக நோயும் உள்ளோர் வயிற்றெரிச்சலுக்கு இதைத் தாமே கரைத்துக் குடித்தல் தகாது.

வயலில் அதே உப்பு

அப்பளத்தைப் பொரியச் செய்யும் இவ்வுப்பே நிலத்தில் தங்கினால் களராகும். மண்ணின் கார அமில நிலை 8.5-க்கு மேலும், மண்துகள்களைப் பற்றிய சோடியம் நூற்றுக்கு 15-க்கு மேலும் இருப்பது களர் நிலத்தின் அடையாளம். களி சிதைந்து துவாரங்களை அடைப்பதால் நீர் கீழிறங்காது. காய்ந்தால் கல்லாக இறுகும். கன்னடியன் கால்வாய் போன்ற ஆற்றுப் பாசனத்தை மட்டும் கொண்ட நிலங்களுக்கு இவ்வபாயம் குறைவு. வடிகால் அற்ற பள்ளங்களும், சோடா மிகுந்த கிணற்று நீர் பாயும் நிலங்களுமே பெரிதும் கெடுகின்றன. நீர்ப் பரிசோதனையில் எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலண்டுக்கு மேற்படின் அந்நீர் பாசனத்திற்கு ஆகாது.

இதற்குப் பரிகாரம் ஜிப்சம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தை மண்ணினின்று பெயர்த்து, எளிதிற் கரையும் சல்பேட்டாக மாற்றுகிறது. 106 பங்கு நீரற்ற சோடியம் கார்பனேட்டை மாற்ற 172 பங்கு ஜிப்சம் வேண்டும். எனவே மண் பரிசோதனை செய்து, அதில் குறித்த அளவே இடுக. நிலத்தைச் சமப்படுத்தி, வரப்புயர்த்தி, ஜிப்சம் இட்டு உழுது, நல்ல நீரைத் தேக்கிப் பின்னர் வடித்துவிடவேண்டும். வடிகால் இன்றேல் செலவெல்லாம் வீண். அதன்பின் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3 முதலிய களர் தாங்கும் நெல் ரகங்களை நடுவது நலம்.

காஸ்டிக் சோடாவில் ஜாக்கிரதை

சமையற்சோடாவும் காஸ்டிக் சோடாவும் இரண்டும் வெண்மையே. பார்வையால் பிரித்தறிய இயலாது. சீட்டில்லாத புட்டியில் வைத்த காஸ்டிக் நீரைக் குழந்தைகள் தண்ணீரென்று பருகுவதே பெருந்துன்பத்திற்குக் காரணம். உணவுக்குழாய் சுருங்கி ஆயுள் முழுவதும் அன்னம் இறங்காதிருக்கும். ஆகையால்:

1. குடிநீர்ப் புட்டியிலும் சமையற் பாத்திரத்திலும் இதனை ஒருபோதும் வைக்கலாகாது. பெயரெழுதிய சீட்டு ஒட்டி, பூட்டி வைக்கவேண்டும்.

2. கரைக்கும்போது நீரில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாக இடவேண்டும். காஸ்டிக்கின் மேல் நீரை வார்த்தால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. அதை அரித்து, தீப்பற்றும் வாயுவை உண்டாக்கும்.

3. தோலிற் பட்டால், பொடியை உதறிவிட்டு, ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுக. கண்ணிற் பட்டால், 20 நிமிஷத்திற்குக் குறையாமல் இமையைத் திறந்து கழுவியபடியே வைத்திய உதவி நாடுக.

4. விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. ஏறிவரும் காரம் மறுமுறையும் சுடும். புளிநீர், எலுமிச்சைச் சாறு, காடி முதலியவற்றையும் கொடுக்கலாகாது. வாயை நீரால் கொப்புளித்து, 108 வாகனத்தை அழைத்து, அப்புட்டியுடன் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

குடிசைத் தொழிலாகச் சோப்புச் செய்யும் வீடுகள் உள்ள கிராமங்களில், அதிகாரிகள் இந்நான்கு விதிகளையும் கிராமச் சாவடியிலும் பள்ளியிலும் எழுதி ஒட்டச் செய்வார்களாயின், பல குழந்தைகளின் உயிர் காக்கப்படும்.