குளக்கட்டிற் புல் பதித்தல்: எத்தனை புற்கட்டி வேண்டும்?

புதுமண் இட்டுத் திருத்திய குளக்கட்டைப் புல்லின்றி வெறுமையாக விடுதல் ஆகாது. மழைநீர் சரிவிலே சிறு சிறு வாய்க்கால்களை அறுத்து, நாளடைவிற் கட்டைப் பலவீனமாக்கும். கட்டு உடைந்தால் வயலும் தோட்டமும் ஒருங்கே அழியும். 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி இரவு ‘புரேவி’ சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் அண்மையிலேயே கரையைக் கடந்தது. இத்தகைய பெருமழையைத் தாங்க, மண்ணை இறுகப் பிணிக்கும் அறுகம்புல்லே கட்டுக்கு ஏற்ற போர்வையாகும்.

புற்கட்டி குறைந்தால் வேலை நடுவில் நிற்கும். மிகுந்தால் வாடி வீணாகும். ஆதலால், வெட்டுவதற்கோ விலைக்கு வாங்குவதற்கோ முன் கணக்கிடுதல் வேண்டும்.

அளக்கும் முறை

கல் பதித்த உட்சரிவுக்குப் புல் வேண்டியதில்லை. புறச்சரிவை மட்டும் அளக்கவும். கட்டின் மேல்விளிம்பிலிருந்து அடிவரை, கயிற்றைச் சரிவின்மீதே படியவிட்டு அளத்தல் வேண்டும். நிலமட்டத்தில் அகலத்தை அளந்தால் கணக்குக் குறைந்துவிடும். கட்டு நடுவில் உயர்ந்தும் இரு முனைகளில் தாழ்ந்தும் இருக்குமாதலால், நான்கைந்து இடங்களில் அளந்து சராசரி காண்க. துருசும் வானும் உள்ள இடங்களைக் கழித்துவிடுக.

உதாரணம்

கட்டின் நீளம் 120 அடி. உயரம் 6 அடி. சரிவின் நிலமட்ட அகலம் 12 அடி. கயிற்றால் அளந்தால் சரிவு ஏறத்தாழ 13½ அடி வரும்.

பரப்பு: 120 × 13½ = 1,620 சதுர அடி.
1 அடிச் சதுரமான கட்டிகள்: 1,620.
உடைவுக்கும் ஓரம் வெட்டுவதற்கும் பத்திலொரு பங்கு: 162.
மொத்தம்: 1,782 கட்டிகள்.

12 அடி என்றே கொண்டு கணக்கிட்டிருந்தால், பரப்பில் மட்டும் 180 கட்டிகள் குறைந்திருக்கும்.

கட்டியின் தடிப்பு 2 அங்குலமாயின், 6 கட்டிகள் 1 கன அடியாகும். எனவே 1,782 கட்டிகள் 297 கன அடி, அதாவது ஏறத்தாழ 3 கியூப். உழவு இயந்திரப் பெட்டியின் கொள்ளளவை அறிந்து, எத்தனை நடை வேண்டுமென முடிவு செய்க.

புல் அரிதாயின்

1 அடி அகல வரிசையாகப் பதித்து, அடுத்த 1 அடியை வெறுமையாக விட்டு, அவ்விடையில் அறுகந் தண்டுகளை நடலாம். கட்டிகள் பாதியே போதும். வரிசைகள் கட்டின் நீளவாக்கில் அமைதல் வேண்டும். மேலிருந்து கீழாக அமைந்தால் இடைவெளிகளே நீரோடும் வழியாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

1. கோரை கலந்த புல்லை விலக்குக. அது வயலுக்கும் தோட்டத்துக்கும் பரவும்.
2. கட்டின் அடியிலிருந்து புல் வெட்டலாகாது; அடி பலமிழக்கும்.
3. ஒரு நாளிற் பதிக்கக்கூடிய அளவையே அன்று வெட்டுக.
4. செங்கல் அடுக்குவதுபோல் மூட்டுக்கள் மாறிவரப் பதித்து, தட்டி இறுக்கி, சிறு முளைகள் அடித்து நிறுத்துக.
5. ஒக்டோபரில் முதல்மழை பெய்ததும் பதித்தல் நன்று. மழை தவறினால், வேர் பிடிக்கும்வரை நீர் ஊற்றுக.

பொதுக்குளமாயின், வேலை தொடங்குமுன் கமக்கார அமைப்புடனும் கமநல சேவை நிலையத்துடனும் கலந்து கொள்க.